30 கிலோவில் நின்றுவிட்ட ஓவர்ஹெட் பிரஸ்: எடையை எப்படிக் கூட்டுவது?

கேள்வி
எடைப் பயிற்சி தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. ஸ்குவாட்டில் (தண்டைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) 60 கிலோவிலிருந்து 65க்குச் சிக்கலின்றி ஏறிவிட்டேன். தண்டைத் தோளிலிருந்து தலைக்கு மேல் தள்ளும் ஓவர்ஹெட் பிரஸ் மட்டும் நகர மறுக்கிறது. 30 கிலோவில் 8 ரெப் (ஒருமுறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்) வீதம் 3 செட் (சுற்று) நன்றாகவே முடிகிறது. அடுத்த எடைக்குப் போனால் நான்காவது ரெப்பிலேயே முதுகு பின்னால் வளைகிறது, முழங்கால் மடங்கி உதவிக்கு வருகிறது. மூன்று வாரமாக இதே கதை. இப்போது வலது தோளின் முன்பக்கம் லேசாகக் குத்துகிறது. நான் கூட்டியது இருப்பதிலேயே சிறிய தட்டுதான். கோளாறு உணவிலா, தூக்கத்திலா?

பதில் 1
அந்தச் சிறிய தட்டு எத்தனை கிலோ?

கேட்டவர்
2.5 கிலோ. பக்கத்துக்கு ஒன்று.

பதில் 1
அப்படியானால் நீங்கள் கூட்டியது 5 கிலோ. 60க்கு மேல் 5 என்பது சுமார் 8 விழுக்காடு. தொடையும் இடுப்பும் தாங்கிக்கொண்டன. 30க்கு மேல் அதே 5 கிட்டத்தட்ட 17 விழுக்காடு. தோள் சிறிய தசை, அவ்வளவு பெரிய படியை ஒரே எட்டில் ஏறாது. பொதுவாக 2 முதல் 10 விழுக்காட்டுக்குள் கூட்டச் சொல்வார்கள்.

எடையைத் தொடாமல் முதலில் ரெப்பைக் கூட்டுங்கள். 30 கிலோவிலேயே 8, 9, 10 என்று ஏறி, மூன்று செட்டிலும் 12 வந்த பிறகு, அதுவும் அடுத்தடுத்த இரண்டு பயிற்சிகளில் வந்த பிறகு, 1.25 கிலோ தட்டுகளைப் போட்டு மறுபடி 8க்கு இறங்குங்கள். செட்டுகளுக்கு இடையே இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு வேண்டும்.

பதில் 2
தயங்காமல் 35ஐயே தள்ளிக்கொண்டிருங்கள், உடம்பு பழகிவிடும். நான் அப்படித்தான் ஏறினேன்.

பதில் 3
குத்தும் தோளை வைத்துக்கொண்டு தள்ளச் சொல்வது சரியில்லை. தசை வேகமாகப் பலப்படும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் மெதுவாகத்தான் வரும். பயிற்சிக்கு மறுநாள் பரவலாக வரும் உளைச்சல் வேறு, ஒரே இடத்தில் குத்துவது வேறு. குத்து அடங்கும்வரை வலியில்லாத எடைக்கு இறங்குங்கள். இரண்டு வாரத்தில் குறையாவிட்டாலோ, கையில் மரத்துப்போதல் தெரிந்தாலோ பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிடுங்கள்.

இன்னொன்று: முழங்கால் மடங்கியதும் அந்தச் செட் முடிந்தது. அதற்குப் பிறகு வருவதை ரெப் கணக்கில் சேர்க்காதீர்கள். இன்னும் ஒன்றிரண்டு முடியும் என்ற நிலையிலேயே தண்டை இறக்கிவிடுங்கள்.

கேட்டவர் (ஏழு வாரம் கழித்து)
முதல் இரண்டு வாரம் வெறும் 20 கிலோ தண்டோடு ஓட்டினேன்; குத்து போய்விட்டது. பிறகு 30க்குத் திரும்பி ரெப்பைக் கூட்டினேன். ரேக்கின் அடியில் துருப்பிடித்த 1.25 கிலோ தட்டுகள் இரண்டு கிடைத்தன, துடைத்து வைத்திருக்கிறேன். நேற்று 12, 12, 11. அந்த ஒன்றுக்காகத்தான் தட்டுகள் காத்திருக்கின்றன.