கத்தரியைப் பிடுங்குவதா, விடுவதா: எங்கள் குடும்பக் குழுவில்

பெரியக்கா: அம்மா, நேற்று வந்தபோது பின்வளவைப் பார்த்தேன். வெண்டி எல்லாம் இலை மஞ்சளாகிப் போய் நிற்கிறது, பாவல் பந்தலோ காய்ந்து தொங்குகிறது. வருகிற பௌர்ணமி போயாவுக்கு எல்லோருக்கும் லீவுதானே, வந்து ஒரே நாளில் முழுக்க வெளியாக்கிவிடுவோம். ஒக்டோபர் மழை தொடங்கினால் பிறகு அதற்குள் கால் வைக்க ஏலாது.

அம்மா: வாங்கோ. ஆனால் கத்தரியில் கை வைக்க விடமாட்டேன். இன்றைக்கும் அதில் பிடுங்கித்தான் பால்கறி வைத்தேன்.

தம்பி: 2022இல் அரசாங்க உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை லீவு தந்து தோட்டம் செய்யச் சொன்னார்களே, அந்தக் காலத்துக் கத்தரியா இது?

அம்மா: அது வேறு, இது வேறு. அப்போது கீரைதான் போட்டோம், நீ சாப்பிடவும் இல்லை.

மாமா: வெண்டிக்கு வந்திருப்பது மஞ்சள் நரம்பு நோய் போலிருக்கிறது. வெள்ளை ஈ அதை ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குக் கொண்டுபோகும். அது வைரஸ், மருந்து அடித்து மாற்ற முடியாது, வேரோடு எடுக்கத்தான் வேணும். அதிலிருந்து விதையும் எடுக்க வேண்டாம், புதிதாக வாங்குவோம். கத்தரி வேறு கதை, அதில் என் அக்கா, உங்கள் அம்மா, சொல்வதும் சரிதான். தண்டு நன்றாக இருந்தால் நிலத்திலிருந்து ஒரு அடி உயரத்தில் வெட்டிவிட்டு அடியில் மாட்டெரு போட்டால் துளிர்த்துத் திரும்பவும் காய்க்கும்.

அம்மா: பார்த்தீர்களா.

மாமா: பொறுங்கோ அக்கா, முடிக்கவில்லை. பகலில் வாடி இரவில் நிமிர்கிற செடி ஏதும் அதில் நிற்கிறதா?

அம்மா: கிணற்றுப் பக்கத்துக் கடைசிச் செடி அப்படித்தான். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இரண்டு நேரமும் ஊற்றுகிறேன், அதற்கும் வாடுகிறது.

மாமா: அதன் அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடிக் கிளாசில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் மட்டும் தண்ணீருக்குள் தொடுகிற மாதிரி ஆட்டாமல் பிடித்துக்கொண்டு சில நிமிடம் பாருங்கோ. வெட்டிய இடத்திலிருந்து வெள்ளை நூலாக ஏதாவது இறங்கினால் பக்டீரியா வாடல்.

சின்னம்மா (ஸ்காபரோ, கனடா): இங்கேயும் இந்தக் கிழமை அதே வேலைதான். உறைபனி விழுவதற்குள் தக்காளியைப் பிடுங்க வேணும். பச்சைக்காயைப் பேப்பரில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தால் மெதுவாகப் பழுக்கும். கேல் கீரையை மட்டும் விட்டிருக்கிறேன், குளிர் பட்டால் இனிக்கும். வெளியான பாத்தியில் ஒக்டோபரில் உள்ளி (வெள்ளைப்பூண்டு) நடப்போகிறேன்.

பெரியக்கா: பனிக்குள் உள்ளியா? செத்துப் போகாதா?

சின்னம்மா (ஸ்காபரோ): இலைச்சருகால் மூடிவிட்டால் மண்ணுக்குள் கிடந்து வசந்தத்தில் முளைக்கும், ஜூலையில் கிண்டலாம். குளிர் கிடைத்தால்தான் பல்லுப் பல்லாகப் பிரியும். கொழும்பில் நட்டால் தாள் மட்டும்தான் வரும், ஆசைப்படாதே.

அம்மா: கிளாசில் வைத்துப் பார்த்தேன். வெள்ளையாகப் புகை மாதிரி இறங்குகிறது.

மாமா: அப்ப சரி, அந்தச் செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு தோண்டி உறையில் கட்டுங்கோ, உரக்குழிக்குள் போடக் கூடாது. அந்த இடத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய், கறிமிளகாய் ஒன்றும் இனி வேண்டாம், எல்லாம் ஒரே குடும்பம், கிருமி மண்ணில் வருடக்கணக்காக இருக்கும். மற்றக் கத்தரியை வெட்டலாம், ஆனால் ஒவ்வொரு செடிக்கும் இடையில் கத்தியை ஸ்பிரிட்டால் துடைக்க வேணும். துடைக்காமல் வரிசையாக வெட்டிக்கொண்டு போனால் நாமே நோயைப் பரப்பினதாகிவிடும். அவசரப்பட்டு வெட்டுபவருக்கு அந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

தம்பி: யாரைச் சொல்கிறீர்கள் என்று விளங்குகிறது மாமா.

பெரியக்கா: அப்ப அந்த மூலையில் என்ன போடுவது?

மாமா: பயிற்றை. பந்தல் கம்பு நிற்கிறதுதானே, பாவல் கொடியை மட்டும் அறுத்து எடுங்கோ, விதை போட்டு ஏழு கிழமையளவில் காய் பிடுங்கலாம். கீழே பசளிக் கீரையும் கங்குன் கீரையும். பாத்தியை உயர்த்தி, ஓரத்தில் வாய்க்கால் வெட்ட மறக்க வேண்டாம், கொழும்புக்கு ஒக்டோபர், நவம்பர் மழைதான் பெரிய மழை. மிளகாய் வேணுமென்றால் பையில் வையுங்கோ, புது மண், தும்புத்தூள், மாட்டெரு கலந்து. நாற்றை மட்டும் கூரைக்குக் கீழே வளர்க்க வேணும், இல்லாவிட்டால் மழை அடித்துச் சரித்துவிடும். விதை எது எடுப்பதென்று சந்தேகம் வந்தால் 1920க்கு அடித்துக் கேளுங்கோ, விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை இலக்கம், நான் ஓய்வு பெற்ற ஆள், எனக்குப் புது இனங்கள் தெரியாது.

அம்மா: செவ்வந்தியை யாரும் பிடுங்கக் கூடாது. நவராத்திரிக்குப் பூ வேணும்.

தம்பி: கிணற்றடியில் கிடக்கிற உடைந்த சட்டி, யோகட் கப், சிரட்டை எல்லாம் நான் அள்ளுகிறேன். அடுத்த லேனில் பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து நுளம்புக் குடம்பி பார்த்துக்கொண்டு போனார்கள், மழைக்கு முன் அதையும் முடிப்போம்.

பெரியக்கா: நான் மாட்டெரு கொண்டுவருகிறேன். ஸ்பிரிட் யார் வாங்குவது? போயாவுக்கு பார்மசி திறந்திருக்குமோ தெரியாது, தம்பி நீ முதல் நாளே எடுத்து வை.

தம்பி: ஓம். மதியத்துக்கு என்ன அம்மா?

அம்மா: வேறென்ன, வெட்டுவதற்கு முன் காயெல்லாம் பிடுங்கத்தானே வேணும்.