சேலத்தில் முழுநேரக் கணக்காளர் வேலையா, நான்கைந்து கடைக் கணக்கா? விவரம் தேவை

வணக்கம். டேலி (கணக்கு மென்பொருள்), ஜிஎஸ்டி தெரிந்த கணக்காளருக்குச் சேலத்தில் இப்போது கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு? ‘சிடிசி’ தொகை (நமக்காக முதலாளிக்கு ஆகும் மொத்தச் செலவு) வேண்டாம், அது ஏமாற்றும். உதாரணத்துக்கு சிடிசி மாதம் 35,000, அதில் அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வையுங்கள். முதலாளி பங்கு பிஎஃப் 1,800, கிராஜுவிட்டி (பணிக்கொடை) ஒதுக்கீடு சுமார் 721, நம் பங்கு பிஎஃப் 1,800 எல்லாம் போனால் 30,679தான் மிஞ்சும். போனஸையும் அதற்குள் அடைத்திருந்தால் இன்னும் குறையும்.

அதனால்தான் செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கம் பகுதிநேரமாக நான்கைந்து கடைகளைப் பார்ப்பது மேலோ என்று யோசனை. சிக்கல் தேதிகளில்தான். மாதாமாதம் தாக்கல் செய்யும் கடைகளுக்கு 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20-ம் தேதி 3பி (வரிக் கணக்குச் சுருக்கம்). ஐந்து கோடி வரை விற்பனையுள்ளவர்கள் காலாண்டு முறைக்குப் போயிருந்தால், காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13, 22-ம் தேதிகள். எல்லாக் கடையும் பில்லை 9-ம் தேதிதான் கொடுக்கும்!

கொலுசுப் பட்டறைக் கணக்கு இன்னும் நுணுக்கம். வெள்ளியை வீடுகளுக்குக் கூலி வேலைக்கு அனுப்பினால் சலான் (பொருள் அனுப்பும் சீட்டு) வேண்டும். ஓராண்டுக்குள் திரும்ப வராவிட்டால் விற்பனையாகவே கருதப்படும். எடையில் சேதாரத்தையும் எழுத வேண்டும். இதற்குத் தனிக் கட்டணம் கேட்கிறீர்களா?

ஒரு கடைக்கு மாதம் எவ்வளவு, எத்தனை பில் வரை, ஆண்டுக் கணக்கு சேர்த்தா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். கடைப் பெயர் வேண்டாம்.