என்ஜிசி 3187: முறுக்கிய கைகள் படத்தில் வரவில்லை, உதவி தேவை

கேள்வி (கம்பம்மெட்டு, இடுக்கி):
வணக்கம். சிம்ம ராசியில் இருக்கும் ஹிக்சன் 44 கேலக்ஸிக் கூட்டத்தைப் படம் எடுத்து வருகிறேன். 150 மி.மீ. நியூட்டோனியன் தொலைநோக்கி, குவியத்தூரம் 750 மி.மீ., ஏஎஸ்ஐ 533 கலர் கேமரா. வீட்டுக்குக் கிழக்கே மலைக்குக் கீழே கம்பம் நகரத்து வெளிச்சம், அதனால் 7 நானோமீட்டர் டூயல் பேண்ட் ஃபில்டர் போட்டிருக்கிறேன். கூட்டத்தில் உள்ள என்ஜிசி 3190 கேலக்ஸியின் தூசிப்பட்டை நன்றாக வருகிறது. பக்கத்து 3187 மட்டும் வெறும் கோடு. அக்கம்பக்கத்து ஈர்ப்பில் அந்தச் சின்ன கேலக்ஸியின் கைகள் எஸ் எழுத்தாக முறுக்கிக்கொண்டிருக்கின்றன, எனக்கு அதுதான் வேண்டும். ஃபோகஸ், கைடிங் (வான நகர்வைத் தொடர்ந்து திருத்துவது) இரண்டும் சரி. வேறு எங்கே பார்க்கலாம்?

பதில் (போடி):
தம்பி, முதலில் ஃபில்டரைக் கழற்றுங்கள். அது ஹைட்ரஜன், ஆக்சிஜன் நிறங்களை மட்டும் விடும். நெபுலாவுக்கு அருமை. கேலக்ஸியிலிருந்து வருவது பெரும்பாலும் நட்சத்திர ஒளி, எல்லா நிறத்திலும் பரவியிருக்கும். அதில் முக்கால்வாசிக்கு மேல் ஃபில்டரிலேயே நின்றுவிடுகிறது. இன்னொன்று, 3187 நொடிக்குச் சுமார் 1,500 கி.மீ. வேகத்தில் விலகிப் போகிறது. ஹைட்ரஜனின் ஒளிக்கோடே (அது ஒரே அலைநீளத்தில் விடும் ஒளி) 3 நானோமீட்டருக்கு மேல் சிவப்புப் பக்கம் நகர்ந்து ஃபில்டரின் விளிம்புக்குப் போய்விடும். கழற்றியபின் ஃப்ளாட் (தூசி நிழலையும் ஓர இருட்டையும் சரிசெய்யும் படம்) புதிதாக எடுங்கள், பழையது பொருந்தாது.

பதில் (குமுளி):
கம்பத்து வெளிச்சத்துக்கு வழி நேரம்தான். மார்ச் நடுவில் இரவு பதினொரு மணி வாக்கில் இந்தக் கூட்டம் உச்சிக்கு வரும், நம் ஊரில் கிட்டத்தட்ட தலைக்கு மேலே. அதற்கப்புறம் மேற்கே சாயும், வெளிச்சம் முதுகுப் பக்கம் போய்விடும். அங்கிருந்து தொடங்குங்கள்.

பதில் (தேனி):
சிரில் மென்பொருளில் பின்னணி நீக்கும்போது கைகளின் மேல் சாம்பிள் புள்ளி (பின்னணி எவ்வளவு என்று அது அளக்கும் இடம்) விழுந்திருக்கிறதா பாருங்கள். விழுந்தால் அந்த மங்கல் ஒளியையும் பின்னணி என்று கழித்துவிடும். அந்தப் புள்ளிகளை ரைட் கிளிக் செய்து எடுத்துவிட்டு, பின்னணியைப் பொருத்தும் டிகிரியை 1 என்று வையுங்கள்.

கேட்டவர்:
மூன்றையும் செய்தேன் அண்ணா. ஒரு கை வளைந்து வெளியே போவது தெரிகிறது! மற்றது இன்னும் இரைச்சலுக்குள் இருக்கிறது.

பதில் (போடி):
அது ஒளி போதாததுதான், கருவியில் குறையில்லை. இரைச்சலுக்கு எதிராகச் சிக்னல் இரட்டிப்பாக வேண்டுமென்றால் மொத்த நேரம் நான்கு மடங்கு வேண்டும். நிலவில்லாத இரவுகளாகப் பார்த்து எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாக ஸ்டாக் செய்யுங்கள் (ஒன்றின்மேல் ஒன்றாகச் சேருங்கள்).