பாஸ்வர்ட் சரி, ஆனாலும் உள்ளே விடாத லினக்ஸ்: உங்களுக்கும் நடந்ததா?

சுங்கை சிப்புட் (மலேசியா), டியூஷன் ஆசிரியர்:
செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகள் வரும் எங்கள் டியூஷன் நிலையத்தில் பழைய கணினிகளில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் ஓடுகிறது. போன மாதம் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி, "சார், சரியாத்தான் போடறேன், திரும்பவும் பாஸ்வர்டே கேக்குது" என்றாள்.

பக்கத்தில் நின்று பார்த்தேன். தப்பான பாஸ்வர்ட் என்றால் திரையே சொல்லிவிடும். இங்கே அப்படிச் சொல்லவில்லை. ஒரு நொடி கறுத்துவிட்டு மறுபடி அதே இடத்துக்கு வந்தது. 1988இல் வந்த எக்ஸ்டிஎம் என்ற உள்நுழைவு நிரலின் காலத்திலிருந்தே உள்நுழைவுத் திரை ஒரு தனி நிரல். அது தன் வேலையை முடித்துவிட்டது; அதற்கு அடுத்து வரவேண்டிய டெஸ்க்டாப்தான் எழும்பவில்லை. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்துத் திரைக்குப் போனேன். அங்கே அதே பெயர், அதே பாஸ்வர்ட், உடனே விட்டது. டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும் 'டிஎஃப்' கட்டளையைக் கொடுத்ததும் காரணம் தெரிந்தது: ஹார்ட் டிஸ்க் முழுக்க நிரம்பியிருந்தது. உள்ளே நுழையும்போது 'எக்ஸ்அதாரிட்டி' என்ற சிறு கோப்பை எழுதவேண்டும், அதற்குக்கூட இடமில்லை. இறக்கி வைத்திருந்த வீடியோக்களை அழித்தேன், சரியாகிவிட்டது. அந்தக் கோப்பின் உரிமை 'ரூட்' என்ற நிர்வாகிக் கணக்கின் பெயருக்கு மாறிக் கிடந்தாலும் இப்படித்தான் ஆகும்.

இதைப் பார்க்காமல் கடைகளில் நேராக ஃபார்மட் செய்துவிடுகிறார்கள். பிள்ளைகள் செய்து வைத்த வேலையெல்லாம் அதோடு போகிறது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

பீடோர்:
அண்ணே, எங்கள் வீட்டில் 2 ஜிபி ரேம் உள்ள கணினி. உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸில் 17.10 பதிப்பிலிருந்து லைட்டிஎம் என்ற உள்நுழைவு நிரல் போய் ஜிடிஎம் என்ற வேறொன்று வந்துவிட்டது. அது உள்நுழைவுத் திரைக்கே க்னோம் ஷெல் என்ற டெஸ்க்டாப் நிரலை ஓட்டுகிறது, பழைய கணினிக்கு அது பாரம். லைட்டிஎம்மை நிறுவினேன், இரண்டில் எது வேண்டும் என்று நிறுவும்போதே கேட்கும், லைட்டிஎம்மைத் தேர்ந்தெடுத்தால் போதும். இப்போது திரை சட்டென்று வருகிறது. பழைய கணினி வைத்திருப்பவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

சுங்கை சிப்புட், தமிழ்ப்பள்ளி ஆசிரியை:
சார், எங்கள் கணினி அறையில் வேறு காரணம். விசைப்பலகை தமிழில் நின்றுவிட்டது. பாஸ்வர்ட் கட்டத்தில் புள்ளிகள்தான் தெரியும், தமிழ் எழுத்து விழுவது பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? பாவம், அழுதே விட்டார்கள். பெயர் கேட்கும் கட்டத்தில் முதலில் ஓர் எழுத்தைத் தட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். தமிழ் எழுத்து வந்தால், திரை ஓரத்தில் இருக்கும் மொழிக் குறியைத் தொட்டு ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுகிறார்கள்.