அம்மாவின் வறட்டு இருமல்: குன்னூர், ஊட்டிப் பக்கம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். அம்மாவுக்கு 63 வயது, நெடுநாள் ஆஸ்துமா. குன்னூரில் இருக்கிறோம். இரண்டு மாதமாக வறட்டு இருமல். நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து, எங்கள் தூக்கம் கெடக்கூடாதென்று கம்பளியால் வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிறார். மூடுபனி, விறகடுப்புப் புகை என எல்லாவற்றின் மீதும் பழி போட்டாயிற்று. இன்ஹேலருக்கும் அடங்கவில்லை.

நேற்றுதான் உறைத்தது: இருமல் வந்ததே இரத்த அழுத்தத்துக்கு எனாலாப்ரில் தொடங்கிய பிறகுதான். உடலில் பிராடிகைனின் என்று ஒன்று உண்டாகிறது. 9 அமினோ அமிலங்கள் கோத்த குட்டிப் பெப்டைடு. 1949-இல் பிரேசிலில் பாம்பு விஷத்தை வைத்து ஆராய்ந்தபோது கண்டுபிடித்தார்களாம். அதைச் சிதைக்கும் நொதியை இந்த மாத்திரை தடுக்கிறது. மிஞ்சிய பிராடிகைனின் மூச்சுக்குழாய் நரம்புகளைச் சீண்டும். ஆஸ்துமாக்காரர்கள் அதை நேரடியாகச் சுவாசித்தால் குழாயே சுருங்கும். மற்றவர்களுக்கு அவ்வளவாக ஆகாது.

மாத்திரையை நாங்களாக நிறுத்தவில்லை. செவ்வாய்க்கிழமை மருத்துவரைப் பார்க்கிறோம். லோசார்டான் என்ற வேறு வகை இரத்த அழுத்த மாத்திரைக்கு மாறியவர்கள் இருக்கிறீர்களா? இருமல் அடங்க எத்தனை வாரம் ஆனது? ஸ்பைரோமெட்ரி சோதனை (குழாயில் ஊதச் சொல்லி நுரையீரல் திறனை அளப்பது) ஊட்டியிலேயே செய்ய முடியுமா, கோயம்புத்தூருக்கு இறங்க வேண்டுமா? கொண்டை ஊசி வளைவுகளில் அம்மாவுக்குத் தலைசுற்றும், அதனால்தான் கேட்கிறேன்.