மேற்கு வெயிலும் தாழ்வாரத்துச் சுருள்திரையும்: சில அனுபவப் பகிர்வுகள்

எங்கள் வீட்டின் பின்புறத் தாழ்வாரம் மேற்குப் பார்த்தது. கூரை 3 மீட்டர் வெளியே நீண்டிருப்பதால் அங்கே நிழலுக்குக் குறைவே இருக்காது என்றுதான் வருபவர்கள் எல்லோரும் சொல்வார்கள். உச்சி வேளையில் அது உண்மைதான். ஆனால் கூரை விளிம்பின் உயரம் 2.7 மீட்டர். சூரியன் அடிவானிலிருந்து 45 பாகை உயரத்துக்கு இறங்கும்போது, வெயில் 2.7 மீட்டர் உள்ளே வந்து தரையை ஏறக்குறைய முழுவதும் பிடித்துக்கொள்கிறது. 30 பாகைக்கு இறங்கும்போது தரையைத் தாண்டி, சுவரிலும் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறி நிற்கிறது. கூரையை இன்னும் ஒரு முழம் நீட்டினாலும் சாய்ந்து வரும் இந்த வெயில் நிற்காது. அதை நிறுத்த, செங்குத்தாகத் தொங்கும் ஒன்று வேண்டும். நான் கூரை விளிம்பில் பொருத்தியது சுருள்திரை, அதாவது உருளையில் சுருட்டி ஏற்றி இறக்கும் துணித் திரை. காற்றின் வெப்பமும் பெரும்பாலும் பிற்பகலில்தான் உச்சத்தை எட்டுகிறது என்பதால், காலை நேரத்துக் கிழக்கு வெயிலைவிட இந்த மேற்கு வெயில் உடலை அதிகமாக வாட்டுகிறது.

வீட்டுக்குள், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், தடித்த திரைச்சீலை முன்பே இருந்தது. அது கண்கூச்சத்தைக் குறைத்ததே தவிர வெப்பத்தைக் குறைக்கவில்லை. சூரிய ஒளி கண்ணாடியைக் கடந்து வந்து சீலையில் பட்டு அதைச் சூடாக்குகிறது. சூடேறிய சீலை வெளியிடும் அகச்சிவப்புக் கதிர்களைக் கண்ணாடி திரும்ப வெளியே விடுவதில்லை. ஆகவே வந்த வெப்பம் அறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கூரை விளிம்பில் தொங்கும் சுருள்திரையும் வெயிலில் சூடாகத்தான் செய்கிறது. ஆனால் அந்தச் சூட்டின் பெரும்பகுதியை வெளிக்காற்று அப்போதைக்கப்போது கொண்டுபோய்விடுகிறது. தெளிந்த வானில், சூரியனுக்கு நேர்முகமாக உள்ள ஒரு சதுர மீட்டர் பரப்பில் நண்பகலில் சுமார் 1000 வாட் ஆற்றல் விழுகிறது. பிற்பகலில் அது ஓரளவு குறைந்தாலும், 10 சதுர மீட்டர் திறப்பு வழியாக நாம் உள்ளே அனுமதிப்பது, பல அறைச் சூடேற்றிகளை ஒரே நேரத்தில் ஓட்டுவதற்கு நிகரானது.

திரை பொருத்திய பிறகு தாழ்வாரத்தில் தொங்கும் வெப்பமானி பெரிய மாற்றம் எதையும் காட்டவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காற்று வெளியிலிருந்து வருகிறது. அதைத் திரை குளிர்விப்பதில்லை. மாறியிருப்பது தரையும் சுவரும்தான். திரையின் ஓரத்தில் வெயிலும் நிழலும் சந்திக்கும் கோட்டில் வெறுங்காலோடு நின்றால் வேறுபாடு உடனே விளங்கும்: ஒரு கால் வைத்த இடத்தில் ஓடு சுடுகிறது, ஒரு சாண் தள்ளி வைத்த கால் அமைதியாக நிற்கிறது. உட்கார்ந்திருப்பவரின் உடலுக்குத் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் வீசும் அனல் இல்லாமற்போனால், காற்றின் வெப்பநிலை அதேயளவு இருந்தாலும் அங்கே இருக்க முடிகிறது.

இதனால்தான் திரையை இறக்கும் நேரத்தை நான் பெரிதாக வலியுறுத்துகிறேன். வெயில் விளிம்பைத் தொடுவதற்கு முன்பே இறக்கிவிட வேண்டும். கான்கிரீட்டும் ஓடும் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு மாலை நெடுநேரம் வரை திருப்பி வீசுபவை. அவை வெப்பத்தை வாங்கியபின் திரையை இறக்கினால் அன்றைய பயன் பாதி போய்விடும்.

துணியைப் பற்றியும் எழுத வேண்டும். வெளிப்புறத் திரைத்துணிகள் பெரும்பாலும் மூன்று வகை: பி.வி.சி. பூசிய பாலியஸ்டர் அல்லது கண்ணாடி இழை வலை, பின்னிய எச்.டி.பி.இ. (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) வலை, சாயம் இழையிலேயே கலந்த அக்ரிலிக். வலைத் துணிகளுக்கு 1, 3, 5, 10 சதவீதம் என்று ஓர் எண் தருவார்கள். துணியின் பரப்பில் எத்தனை பங்கு துளைகளாகத் திறந்திருக்கிறது என்பதே அந்த எண். 5 சதவீதம் என்றால் நேராகப் பாயும் கதிர்களில் சுமார் 95 சதவீதம் இழைகளில் மோதி நின்றுவிடும். நான் 5 சதவீதத்தில் கரும்பழுப்பு நிறத்தை எடுத்தேன். கருநிறம் சூடாகும் என்று பலர் தயங்குகிறார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் வெளிர்நிற இழைகள் வெயிலைச் சிதறடித்துத் தாமே ஒளிர்வதால், உள்ளிருந்து பார்க்கும்போது பனிமூட்டம்போல் தெரிந்து கண்ணைக் கூசச் செய்கின்றன. கருநிறத் துணியின் பின்னாலிருந்து பார்த்தால் தோட்டத்து மரத்தின் இலைகள்கூடத் தெளிவாகத் தெரிகின்றன. திரை கூரை விளிம்பிலும் நாற்காலி சுவரோரத்திலும் இருப்பதால், சூடேறிய துணியின் அனல் என்னை அவ்வளவாக எட்டுவதும் இல்லை. இடம் குறுகி, திரைக்கு அருகிலேயே உட்கார வேண்டியவர்கள் வெளிர்நிறத்தை எடுப்பது நல்லது. இரவில் நிலைமை தலைகீழாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்: உள்ளே விளக்கு எரிந்தால் வெளியிலிருப்பவருக்கு எல்லாம் தெரியும்.

* * *

மேலே எழுதியவர் வெயிலைப் பற்றி அருமையாக விளக்கியிருக்கிறார். எங்கள் வீட்டில் வெயிலைவிடக் காற்றே பெரிய சோதனையாக இருந்தது என்பதால், அந்தப் பக்கத்தை நான் எழுதுகிறேன்.

எங்களுடையது திறந்த நிலத்தைப் பார்த்த, தடுப்பு எதுவும் இல்லாத தாழ்வாரம். முதலில் ஒரு கடைக்காரர் வந்து, கீழ்த்தண்டின் எடையே துணியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்று உறுதி கூறி, பக்கப் பிடிமானம் ஏதும் இல்லாத திரையைப் பொருத்திவிட்டுப் போனார். மெல்லிய காற்றில் அது அழகாகத்தான் இருந்தது. மழைக்கு முன் வீசும் காற்று வந்த மாலையில் துணி வயிறுபோல் உப்பி, கீழ்த்தண்டு தூணில் மோதி மோதி, பூச்சுச் சிதறிச் செங்கல் தெரியும் அளவுக்கு ஆகிவிட்டது. திரையைத் தாங்கும் ஒரு பக்கத்து பிராக்கெட்டும் சுவரிலிருந்து கழன்று வந்துவிட்டது.

பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தோம். நொடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று, தன் எதிரே நிற்கும் பரப்பை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 60 நியூட்டன் விசையோடு தள்ளுகிறது. இது ஏறக்குறைய 6 கிலோ எடைக்குச் சமம். 10 சதுர மீட்டர் துணியில் அது 60 கிலோ. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பதால், மணிக்கு 72 கிலோமீட்டர் வேகக் காற்றில் அது 240 கிலோவைத் தொட்டுவிடும். இந்தச் சுமையைத் தாங்குவது நான்கைந்து ஸ்குரூக்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், பிடிமானத்தின் அருமை புரியும்.

இப்போது எங்களிடம் இருப்பது ஜிப் வகை. துணியின் இரண்டு ஓரங்களிலும் ஜிப்பின் பல்வரிசை ஒட்டவைக்கப்பட்டு, அது பக்கவாட்டு அலுமினியச் சட்டத்துக்குள் ஓடுகிறது. எனவே ஓரம் வெளியே வர வழியே இல்லை, துணி முழுவதும் முரசுத் தோலாக விறைத்து நிற்கிறது. ஓரத்தில் வெயில் கோடாக நுழையும் இடைவெளியும் இதில் இல்லை. இதற்கும் பிடிமானமற்ற திரைக்கும் நடுவில் ஒரு வகை உண்டு: இரு பக்கமும் மேலிருந்து கீழாக இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பி, அதில் கீழ்த்தண்டு ஏறி இறங்கும். சுற்றிலும் மரங்களோ வீடுகளோ காற்றைத் தடுக்கும் இடங்களில் அதுவே போதுமானது. எங்களைப் போன்ற திறந்தவெளி வீடுகளுக்கு ஜிப் வகையைத் தவிர வேறொன்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்படியிருந்தும், பலத்த காற்று வரும் அறிகுறி தெரிந்தவுடன் சுருட்டிவிட வேண்டும். காற்றில் துணி அதிர்வதை உணர்ந்து தானாகச் சுருட்டும் சிறிய உணரியை மோட்டாருடன் இணைத்திருக்கிறோம், வீட்டில் ஆளில்லாத பிற்பகல்களில் அது எங்களுக்குப் பெரிய நிம்மதி.

* * *

ஒரு செய்தியை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் தாழ்வாரத்தின் கூரை தகரத்தால் ஆனது. மூன்று பக்கமும் நல்ல திரைகள் தரை வரை இறங்கியபின்பும், உள்ளே நின்றால் தலைக்கு மேலிருந்து அனல் இறங்குவதை உணர முடிந்தது. திரை தடுப்பது பக்கத்திலிருந்து வரும் வெயிலை மட்டுமே. காய்ந்த தகரம் கீழ்நோக்கி வீசும் வெப்பத்துக்கு அதனிடம் விடை இல்லை. தகரத்தின் மேல் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்து, கீழே ஓர் உட்கூரை அமைத்த பிறகே திரைகளின் பயன் முழுமையாகத் தெரிந்தது. இன்னொன்றும் செய்தோம். திரைகளைத் தரை வரை இறக்காமல் 30 சென்டிமீட்டர் விட்டு நிறுத்துகிறோம். உயரே, கூரைக்குச் சற்றுக் கீழே, சூடான காற்று வெளியேறவும் ஓர் இடைவெளி வைத்திருக்கிறோம். கீழே விடும் இடைவெளியால் வெயில் வந்துவிடாதா என்று கேட்பவர்களுக்கு: சூரியன் 30 பாகையில் இருக்கும்போது அந்த இடைவெளி வழியாக அரை மீட்டர் அகலத்துக்குத்தான் வெயில் உள்ளே வரும், 20 பாகையில் சுமார் 80 சென்டிமீட்டர். அந்த ஓரத்தில் செடித்தொட்டிகளை வைத்துவிட்டோம். அவ்வழியே நுழைந்து மேலே செல்லும் காற்றோட்டம், இறுக மூடிய தாழ்வாரத்தின் புழுக்கத்தை அடியோடு போக்கிவிட்டது.

* * *

இத்திரைகளைப் பொருத்துவதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், வேலை நடக்கும் நாளில் வீட்டுக்காரர்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

அளவெடுப்பதில்தான் பெரும்பாலான சிக்கல்கள் பிறக்கின்றன. இரண்டு தூண்களுக்கு இடையே பொருத்துவதானால் அகலத்தை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் அளந்து, அவற்றுள் மிகக் குறைந்ததையே எடுக்க வேண்டும். அதன்பின் மூலைக்கு மூலை குறுக்காக அளக்க வேண்டும். இரண்டு குறுக்களவுகளும் ஒத்துப்போகவில்லை என்றால் திறப்பு கோணலாக இருக்கிறது என்று பொருள். பூச்சு வேலை நேர்த்தியாகத் தெரியும் வீடுகளிலும் தூண்கள் ஒன்றரை சென்டிமீட்டர் சாய்ந்திருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஜிப் வகைக்கு இரு பக்கச் சட்டங்களும் இணையாக நிற்பது கட்டாயம், ஆகவே சாய்ந்த தூணுக்கும் சட்டத்துக்கும் நடுவே தகடு வைத்துச் சரிசெய்ய வேண்டும். தூணின் போக்கிலேயே சட்டத்தை முடுக்கினால் துணி பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். இன்னொரு விஷயம்: துணியின் அகலம் எப்போதும் உருளையின் முழு நீளத்தைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஜிப் இல்லாத திரையில் இரு ஓரமும் வெளிச்சக் கோடு தெரிவது இதனால்தான். அது பிடிக்காதவர்கள் தூண்களுக்கு இடையில் வைக்காமல், தூண்களின் வெளிமுகத்தில் திறப்பைவிட அகலமான திரையைப் பொருத்தச் சொல்லலாம்.

உருளை ரசமட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். சிறிதளவு சாய்ந்தாலும், சுருளும்போது துணி ஒரு பக்கமாக நகர்ந்து நகர்ந்து, ஓரம் பிராக்கெட்டில் உரசி நூல் பிரியத் தொடங்கும். பொருத்தி முடித்தவுடன் நான்கைந்து முறை முழுமையாக ஏற்றி இறக்கி, சுருளின் இரு முனைகளும் தட்டையாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே வேலையாட்களை அனுப்புங்கள்.

துளையிடும் இடத்தில் கவனம் வையுங்கள். சுவர்ப்பூச்சு எதையும் தாங்காது. துளைக்குள் விரிந்து பிடித்துக்கொள்ளும் ஆங்கர் போல்ட் பூச்சைக் கடந்து கான்கிரீட்டுக்குள் இறங்க வேண்டும். மேலே காற்றைப் பற்றி எழுதியவரின் பிராக்கெட் கழன்றதற்கும் இதுவே காரணமாக இருக்கக்கூடும். மரக்கூரையானால் விளிம்பை மறைக்கும் அலங்காரப் பலகையில் முடுக்காமல், அதன் பின்னுள்ள உத்திரத்தைத் தேடிப் பிடித்து முடுக்க வேண்டும். உள்ளீடற்ற கற்களாலான சுவரில் சாதாரண ஆங்கர் விரிந்து பிடிக்க இடமில்லை. அங்கே சல்லடைக் குழலோடு ரசாயனப் பசை செலுத்திப் பொருத்தும் ஆங்கரே ஏற்றது. கடற்காற்று வீசும் இடங்களில் துருப்பிடிக்காத எஃகு ஸ்குரூதான் வேண்டும். ஆனால் எஃகும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்படும் என்பதால், நடுவில் நைலான் வாஷர் வைக்கும்படி சொல்லுங்கள்.

மோட்டார் வைப்பவர்களுக்கு: உருளைக்குள் இருக்கும் மோட்டார்கள் பெரும்பாலும் தொடர்ந்து நான்கைந்து நிமிடம்தான் ஓடக்கூடியவை. அதற்குமேல் ஓடினால் சூடேறித் தானாக நின்று, ஆறிய பிறகே மீண்டும் இயங்கும். ஏற்றி இறக்கிச் சோதிக்கும்போது நின்றுபோனால் பழுதென்று அஞ்ச வேண்டாம். மின்கம்பி மோட்டாருக்குள் நுழையும் முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கி மேலேற வேண்டும். இல்லாவிட்டால் மழைநீர் கம்பி வழியே உள்ளே போகும்.

மழையில் நனைந்த துணியைச் சுருட்டியே வைத்திருந்தால் பூஞ்சை பிடித்துக் கரும்புள்ளிகள் விழும், மழை ஓய்ந்ததும் இறக்கிக் காயவிடுங்கள். கழுவுவதற்கு மிதமான சோப்பு நீரும் மென்மையான தூரிகையும் போதும். அழுத்தத்தோடு நீர் பீய்ச்சும் கருவி பூச்சை உரித்துவிடும். ஜிப் ஓடும் சட்டங்களில் தூசியைத் துடைத்து, சிலிக்கோன் மசகுத் தெளிப்பான் மட்டும் அடிக்கலாம். கிரீஸ் தடவினால் மண் ஒட்டி இறுகிவிடும். மணிச்சங்கிலியால் இயக்கும் திரைகளை வாங்கினால், சங்கிலியின் கீழ்வளைவைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும் கொக்கியையும் மறவாமல் பொருத்தச் சொல்லுங்கள். தளர்ந்து தொங்கும் சங்கிலி சிறு குழந்தையின் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அந்தக் கொக்கி வெறும் கூடுதல் பாகம் என்று கருதிப் பெட்டியிலேயே விட்டுவிட்டுப் போகும் வேலையாட்கள் இருக்கிறார்கள்.