கோண்டாவில் வீடு குழு: துஷியின் கம்ப்யூட்டரை என்ன செய்வது?

ராசன் பெரியப்பா: துஷி பேராதனைக்குப் போன பிறகு அவளுடைய பெரிய கம்ப்யூட்டர் துணி போர்த்தியபடி கிடக்கிறது. யாருக்காவது தேவையா?

துஷி: அப்பா!! கொடுக்க வேண்டாம். லீவில் வந்தால் எனக்கு வேண்டும்.

கஜன்: பெரியப்பா, அது வீட்டிலேயே இருக்கட்டும். சும்மா இருக்கும் நேரத்தில் ஆராய்ச்சிக்குக் கணக்குச் செய்ய விடலாம். போயின்க் என்று ஒரு இலவச மென்பொருள், கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. பெரிய ஆய்வொன்றைச் சின்னத் துண்டுகளாக வெட்டி உலகம் முழுக்க வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்புவார்கள். எங்களுடையது தன் துண்டை முடித்து விடையைத் திருப்பி அனுப்பும். சிரமதானம் மாதிரித்தான், மண்வெட்டி மட்டும் இல்லை.

பவா சித்தி: முன்பின் தெரியாத ஆட்களுக்கு வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து விடுவதா? அதில் துஷியின் படங்கள், பாங்க் விஷயம் எல்லாம் இருக்குமே.

கஜன்: நல்ல கேள்வி சித்தி. பெர்க்லியின் தளத்தில் இருந்து மட்டும் இறக்க வேண்டும். எந்தத் திட்டத்தில் சேர்கிறோமோ அதன் வேலை மட்டும்தான் ஓடும். துஷியின் படங்களை முதலில் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைப்போம், அது எப்படியும் நல்லது. ஒன்று கவனம்: காசு வரும் என்று யாராவது லிங்க் அனுப்பினால் தொடவே கூடாது. இதில் கிடைப்பது வெறும் புள்ளிதான், கடையில் செல்லாது.

அருள் மாமா (ஸ்காபரோ): அட, இது எங்கள் பழைய செட்டி அட் ஹோம்! 1999இல் வந்தது. புவேர்ட்டோ ரிக்கோவில் அரெசிபோ என்ற பெரிய ரேடியோ தொலைநோக்கி பிடித்த சிக்னல்களில் வேற்றுக் கிரகத்தார் யாராவது கதைக்கிறார்களா என்று தேடுவது. ஸ்கிரீன் சேவரில் வர்ணக் கோடுகள் ஓடும், வேலைக்குப் போகாமல் அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ராசன் பெரியப்பா: யாராவது கதைத்தார்களா?

அருள் மாமா (ஸ்காபரோ): இல்லை அத்தான் 😄 2020 மார்ச்சோடு புது வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதே அரெசிபோவின் தரவில் ஐன்ஸ்டைன் அட் ஹோம் என்ற இன்னொரு திட்டம் 2010இல் ஒரு பல்சாரைப் பிடித்தது. செத்த நட்சத்திரத்தின் மிச்சம், நொடிக்கு ஏறத்தாழ 41 தடவை சுற்றுகிறது. அதைக் கண்டது அமெரிக்காவில் ஐயோவாவில் ஒரு தம்பதியின் கம்ப்யூட்டரும் ஜெர்மனியில் ஒருவருடைய கம்ப்யூட்டரும்.

துஷி: என் கம்ப்யூட்டருக்கு நட்சத்திரமா! 😍

பவா சித்தி: நட்சத்திரத்தை விடுங்கோ. மனிசருக்கு உதவுகிற மாதிரி ஒன்றும் இல்லையா?

கஜன்: இருக்கிறது. வேர்ல்ட் கொம்யூனிட்டி கிரிட். 2004இல் ஐபிஎம் தொடங்கியது, 2021இல் டொரொண்டோவின் கிரெம்பில் ஆய்வு நிலையத்துக்குக் கைமாறியது, மாமாவின் ஊர்தான். புற்றுநோய்க்கான அடையாளங்களைத் தேடும் கணக்கு அதில் இருக்கிறது. முன்பு அதே கிரிட்டில் ஜப்பான் விஞ்ஞானிகள் சிறுபிள்ளைகளுக்கு வரும் ஒரு வகைப் புற்றுநோய்க்காக ஏறத்தாழ 30 லட்சம் சேர்மங்களைச் சலித்து, நம்பிக்கை தரும் 7ஐ எடுத்தார்கள். மருந்தாகிவிட்டது என்று சொல்லவில்லை, ஆய்வுகூடத்தில் எதைத் தொடங்குவது என்று தெரிந்தது.

ராசன் பெரியப்பா: எல்லாம் சரி. கரண்ட் பில்லை டொரொண்டோவா கட்டும்?

கஜன்: 😅 அங்கேதான் விஷயம் இருக்கிறது. கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிறது உண்மை, கரண்ட் சும்மா கிடக்கவில்லை. முழு வேகத்தில் ஓடினால் அது சுமார் 125 வாட் இழுக்கும் என்று வையுங்கோ. இரவு பகலாக விட்டால் நாளுக்கு 3 யூனிட், மாதம் 90. எங்கள் பில்லில் யூனிட் கூடக்கூட அடுத்த படிக்கு ஏறி விலையும் கூடும்.

ராசன் பெரியப்பா: தொண்ணூறுகளில் சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, மிதித்து, டைனமோவில் ரேடியோ கேட்ட ஆள் நான். கரண்ட்டின் அருமையை எனக்கு நீ படிப்பிக்க வேண்டாம்.

அருள் மாமா (ஸ்காபரோ): மிதித்தது நான். கேட்டது அத்தான்.

பவா சித்தி: 😂😂😂

துஷி: அப்பா, கூரையில் சோலர் இருக்கிறதே. பகலில் மட்டும் ஓட விடுங்கோவன்.

கஜன்: அதைத்தான் சொல்ல வந்தேன். போயின்க்கில் நேரம் குறித்து வைக்கலாம். காலை 10இல் இருந்து 2 மணி வரை என்றால் நாளுக்கு அரை யூனிட், மாதம் 15.

ராசன் பெரியப்பா: அதுவும் இலவசம் இல்லை தம்பி. பகலில் நான் பாவிக்கிற யூனிட் லைனுக்குப் போனால் எனக்குக் காசு.

கஜன்: ஓம், சரிதான். 15 யூனிட்டை விற்காமல் விடுகிறோம். அதுதான் உங்கள் நன்கொடை.

பவா சித்தி: அந்தக் காசைத் தெல்லிப்பழை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கே கொடுக்கலாமே அத்தான். நோயாளிக்கு நேராகப் போய்ச் சேரும்.

அருள் மாமா (ஸ்காபரோ): பவா சொல்வதில் நியாயம் இருக்கிறது. இதற்காக யாரும் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினால் நான் பைத்தியம் என்பேன். ஆனால் 15 யூனிட் காசு அங்கே எத்தனை நாளைக்குக் காணும்? ஆஸ்பத்திரிக்கு நான் தனியாக அனுப்புகிறேன், பவா அதைப் பொறுப்பெடு. இது இதன் பாட்டில் ஓடட்டும்.

பவா சித்தி: அண்ணா, இதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துவிட்டேன். என் போனிலும் இதைப் போடலாமா கஜன்?

கஜன்: போடலாம், ஆனால் இந்த வெக்கையில் பற்றரி பழுதாகிவிடும். வேண்டாம் சித்தி.

ராசன் பெரியப்பா: அந்த அறையும் மத்தியானத்தில் அடுப்புத்தான். பெட்டி எரிந்து போகாதா?

கஜன்: ஜன்னலைத் திறந்து வையுங்கோ, துணியைக் கட்டாயம் எடுக்க வேண்டும். பிராசஸரில் பாதியை மட்டும் பாவி என்று வைத்தால் சூடும் குறையும், கரண்டும் குறையும். ஒவ்வொரு துண்டுக்கும் கெடு இருக்கிறது, நாங்கள் நாலு மணித்தியாலம்தான் ஓட்டுகிறோம், அதனால் வேலையை அள்ளி இறக்காமல் கொஞ்சமாக எடுக்க வைப்பேன். சித்திரை, வைகாசியில் நிப்பாட்டிவிடுவோம். அந்தக் கிரிட்டில் வேலை வராத காலமும் உண்டு, 2022இல் இடம் மாறியபோது மாதக்கணக்கில் நின்றது. அப்போது ஐன்ஸ்டைனுக்கு மாற்றலாம்.

துஷி: இரண்டையும் போடு அண்ணா. பாஸ்வேர்டை இங்கே எழுத மாட்டேன், தனியாக அனுப்புகிறேன்.

ராசன் பெரியப்பா: சரி. முதல் மாதம் பில்லைப் பார்ப்பேன். கூடினால் பிளக்கைப் பிடுங்குவேன்.

கஜன்: சம்மதம். ஞாயிறு காலை வருகிறேன். உள்ளே தூசி தட்ட ஒரு பழைய பெயின்ட் பிரஷ் எடுத்து வையுங்கோ.

ராசன் பெரியப்பா: இருக்கிறது. சாப்பாட்டுக்கும் நில், பெரியம்மா கணவாய் வாங்கப் போகிறா.

அருள் மாமா (ஸ்காபரோ): 😭